சாட்சி சொன்ன பிறகு மாத்திரைக்குத் திரும்பலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் குழித்துறைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். வயது 36. என் சிநேகிதிக்காக எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். ஞாயிறு பள்ளியும் ஒன்றுதான். கொயரில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுவோம். இப்போது அவள் வருவதில்லை.

அவள் கணவர் கத்தாரில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். போன வருடக் கடைசியில் தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டிருந்தாள். நாகர்கோவிலில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மனச்சோர்வு நோய் என்று மாத்திரை கொடுத்தார். நாலு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டாள். மே மாதம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனாள். பிரசங்கியார் தலையில் கைவைத்து ஜெபித்து, "இன்றோடு உனக்கு விடுதலை, மருந்தைத் தூக்கி எறி" என்றாராம். அன்று ராத்திரியே நிறுத்திவிட்டாள். முதல் வாரம் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போல ஒரு வெட்டு, பொல்லாத கனவுகள். பிசாசு விட்டுப்போகும் அடையாளம் என்றார்கள். அப்புறம் நன்றாகவே இருந்தாள். அடுத்த மாத உபவாசக் கூட்டத்தில் மேடையேறி, தேவன் என்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னாள். அந்த வீடியோ ஊரெல்லாம் வாட்ஸாப்பில் ஓடியது.

இப்போது எல்லாம் திரும்பி வந்துவிட்டது, முன்பைவிட மோசமாக. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளைகளைக் கவனிப்பதில்லை. "சாட்சி சொல்லிவிட்டு மாத்திரை போட்டால் தேவனைப் பொய்யராக்கினதாகும், என் விசுவாசம்தான் பத்தவில்லை" என்கிறாள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் செய்துவிட்டேன் என்று அழுகிறாள். 21 நாள் உபவாசம் இருக்கப்போகிறாள், என்னையும் கூட இருக்கச் சொல்கிறாள். டாக்டரிடம் போவோம் என்றால் "நீயும் நம்பலையா பிள்ளே?" என்று கேட்கிறாள். அவள் மாமியார் என்னை அவிசுவாசி என்றே முடிவு கட்டிவிட்டார். கணவரோ, மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கச் சொல்லிப் போன் செய்கிறார். நான் அவளோடு உபவாசம் இருக்கவா? மாத்திரையைக் கலக்கவா? இவ்வளவு ஜெபித்தும் இப்படி ஆனதற்கு எங்கள் விசுவாசக் குறைவுதான் காரணமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகுமுன் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. சாவைப் பற்றி அவள் ஏதாவது பேசுகிறாளா? நம் சபைப் பெண்கள் "செத்துப்போகலாம்" என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். அது பாவம் என்று சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதனால் "கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் போதும்", "பரலோகம் போனால் நிம்மதி" என்று வேறு வழியில் வரும். கேட்பவர்கள் பக்திப் பேச்சு என்று நினைத்து ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். எங்கள் தொழிலில் யாரும் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே இன்றைக்கே அவளைத் தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள். "உயிரை விட்டுரலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா? பிள்ளைகளைப் பத்தி என்ன நினைக்க?" என்று உங்கள் பேச்சிலேயே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, யாரோ ஒருத்தர் கேட்டுவிட்டாரே என்பதே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவளைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் ரப்பர் பாலுக்கு ஊற்றும் ஆசிட், பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் இருந்தால் சத்தமில்லாமல் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாமியாரிடம் இதைப் பெரிதாக விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இனி நடந்ததைப் பார்ப்போம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். உங்கள் சிநேகிதி நாலு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போதே அவள் ஏறக்குறைய குணமான ஆள். ஆனால் குணமான பிறகும், முதல் தடவை இந்த நோய் வந்தவர்கள் குறைந்தது ஆறு மாதம், சிலர் ஒன்பது மாதம் வரை, அதே அளவில் மாத்திரையைத் தொடர வேண்டும். அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். ஜெபக்கூட்டத்துக்குப் போகாதவர்களும் விடுகிறார்கள். "நல்லாயிட்டேனே, இனி எதுக்கு" என்ற எண்ணம் எல்லா மதத்தாருக்கும் ஒன்றுதான்.

நிறுத்திய முதல் வாரத்தில் வந்த தலைசுற்றல், கனவு, கரண்ட் அடிக்கும் வெட்டு எல்லாம் மாத்திரையைத் திடீரென்று விட்டதால் வந்தவை. உலகம் முழுக்க நோயாளிகள் இந்த வெட்டைச் சொல்லும்போது கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அவளுக்கும் அடங்கியிருக்கிறது. பிசாசு என்று சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னார்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

நோய் திரும்புவது மறுநாளே நடக்காது. சில வாரம் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஆள் நன்றாகவே இருப்பார். தூக்கம் இருக்கும், சிரிப்பு இருக்கும், பாட்டு வரும். நம் ஊரில் சாட்சிகள் சொல்லப்படுவது அந்த இடைவெளியில்தான். மைக் பிடித்தவரும் உண்மையாகச் சொல்கிறார், கேட்டவர்களும் உண்மையாகக் கை தட்டுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பார்க்க யாரும் வருவதில்லை. சாட்சி சொன்னவர் மீண்டும் விழுந்தால் வந்து சொல்ல நம் கூட்டங்களில் ஒரு இடமும் இல்லை. இதை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அவள் டாக்டரிடம் வர மறுப்பதற்கு விசுவாசம் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு அது வெட்கம் என்றே படுகிறது. ஊரே பார்த்த வீடியோ அது. மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றால் "நீங்கதானே சாட்சி சொன்னது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்த முகத்தோடு மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு மெடிக்கலில் நிற்பது எப்படி? அதனால் அவளோடு வேதவசனம் வைத்து வாதாடாதீர்கள். வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் அவள் வர மாட்டாள். வெட்கம் இறங்கினால் வருவாள். அதை இறக்கிவைப்பதுதான் சிநேகிதியாக உங்கள் வேலை. அது டாக்டரால் ஆகாது, ஆயராலும் பாதிதான் ஆகும்.

எப்படி என்று கேட்பீர்கள். அன்று நீ சொன்னது பொய் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது, பல தடவை. அன்றைக்கு அவள் சுகமாக இருந்தாள், அதற்காக நன்றி சொன்னாள். நன்றி சொன்னது எப்படித் தவறாகும்? செத்துக் கிடந்த லாசரு இயேசு கூப்பிட உயிரோடு எழுந்தான், பிறகு ஒருநாள் மற்ற மனிதர்களைப் போல் செத்தும் போனான். அதனால் பெத்தானியாவில் நடந்தது பொய் என்று யாரும் சொன்னதில்லை. அப்புறம் அந்த வீடியோ. அவள் சம்மதத்தோடு, அவள் கணவர் மூலமாக, அதைப் போட்ட குழுக்களின் அட்மின்களிடம் எடுத்துவிடச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் போகாது, தெரியும். ஆனாலும் நாலு குழுக்களில் போனாலே அவளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பக்கத்து ஊர் டாக்டர் வேண்டாம் என்றால் நாகர்கோவில் போங்கள், அதுவும் வேண்டாமென்றால் திருவனந்தபுரம் போங்கள். இந்த விஷயத்தில் அவள் கேட்கிற தூரத்துக்குக் கூட்டிப்போவதில் தப்பில்லை.

பரிசுத்த ஆவிக்கு விரோதமான அந்த மன்னிப்பில்லாத பாவம் பற்றி. சகோதரி, மனச்சோர்வு என்பது வெறும் துக்கம் இல்லை. அது குற்ற உணர்ச்சியை உற்பத்தி செய்யும் நோய். அந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஆள் எதை மிக உயர்வாக மதிக்கிறாரோ அந்த வேஷம் கிடைக்கும். பணத்தைப் பெரிதாக நினைத்தவர் "குடும்பத்தைக் கடனாளி ஆக்கிவிட்டேன்" என்பார், பாங்கில் பணம் இருக்கும். பிள்ளையே உலகம் என்றிருந்தவர் "நான் மோசமான அம்மா" என்பார். தேவனை நேசிக்கிறவள் பரிசுத்த ஆவியைத் தூஷித்துவிட்டதாக அழுவாள். ஆயர்கள் வழிவழியாக இதற்கு ஒரு பதில் சொல்லி வருகிறார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது: அந்தப் பாவத்தைச் செய்து மனம் கடினப்பட்டவன் அதைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க மாட்டான். இதை ஒருமுறை அன்பாகச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் நல்லது. என்ன சொன்னாலும் அசையாமல் "நான் நரகத்துக்குத்தான்" என்று உறுதியாக நின்றால் அது நோய் கடுமையாகிவிட்டதன் அடையாளம். விளக்கத்தால் அது தீராது. உடனே மருத்துவம் வேண்டும், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

விடியற்காலை விழிப்பும் அப்படித்தான். வழக்கமான நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே எழுந்துவிடுவதும், அந்த நேரத்தில் மனசு மிகவும் இருண்டு கிடப்பதும் இந்த நோயின் பழைய அடையாளம். அவள் அதை ஜெபிக்க வந்த அழைப்பு என்று எடுத்துக்கொண்டு, அந்த இருட்டில் வேதத்தைத் திறந்து, கண்ணில் படும் ஒவ்வொரு தண்டனை வசனத்தையும் தனக்கென்று வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரத்தில் தனியாக வாசிக்க வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். பகலில் நீங்கள் கூட உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள். 88ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். அது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரமும் இல்லை. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பது இந்த நோயில் இருப்பவர்களுக்கு, சந்தோஷப் பாட்டுகளைவிட, நெருக்கமாக இருக்கும்.

விசுவாசக் குறைவா என்று கேட்டீர்கள். நான் ஆயர் இல்லை, ஞாயிறு ஆராதனையில் பின் பெஞ்சில் உட்காருகிற டாக்டர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்கினார்களே, மாற்கு இரண்டாம் அதிகாரம். நாலு பேர் சுமந்து வந்தார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று இருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் அங்கே ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. கூரை பிரித்தவர்களுக்கு இருந்தது, அது போதுமானதாக இருந்தது. அந்த இடத்தில் அவர் முதலில் பாவ மன்னிப்பைத்தான் சொன்னார், ஆகவே வியாதிக்குப் பாவம்தானே காரணம் என்று உங்கள் சிநேகிதியின் மாமியார் கேட்கலாம். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவன் பாவமும் இல்லை, அவன் பெற்றோர் பாவமும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

பவுலைப் பாருங்கள். மாம்சத்தில் ஒரு முள், மூன்று தரம் வேண்டிக்கொண்டும் நீங்கவில்லை. கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. அவரோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஒரு வரிதான், கூட்டங்களில் இதை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லையா? அதே அதிகாரத்தில், எல்லாரும் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் என்னோடு இருக்கிறான் என்று எழுதியிருக்கிறது. லூக்கா யார் என்று உங்களுக்குத் தெரியும். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பிரியமான வைத்தியன் என்று சொல்லப்பட்டவர். சிறையில் கடைசிவரை கூட இருந்த சிநேகிதன் ஒரு டாக்டர் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமை உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அவளிடம் "விசுவாசி, விசுவாசி" என்று சொல்வதை எல்லாரும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். இந்த நோயில் விசுவாசம் உட்பட எதையும் உணரும் சக்தி மங்கிப்போகும். ஜெபித்தால் சுவரோடு பேசுவது போல் இருக்கிறது என்பார்கள். இல்லாததைக் கொண்டுவா என்று அவளைக் கேட்டால் குற்ற உணர்ச்சிதான் கூடும். "நீ இப்ப ஒண்ணும் விசுவாசிக்க வேண்டாம் பிள்ளே, உனக்கும் சேர்த்து நான் விசுவாசிக்கேன், நீ வந்து ஆட்டோவில் ஏறு" என்று சொல்லிப் பாருங்கள். "நீயும் நம்பலையா?" என்று அவள் கேட்டதற்கும் அதுவே பதில்.

உபவாசத்துக்கு வருகிறேன். அவள் இருக்கக் கூடாது. ஏற்கெனவே சாப்பாடும் தூக்கமும் கெட்ட உடம்பு. 21 நாள் பட்டினி, கூடவே ராத்திரி ஜெபம் என்றால் நோய் ஆழமாகும். எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டவர் அவர். தேவதூதன் வந்து அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உன் விசுவாசம் எங்கே, கர்மேல் மலையில் அத்தனை பேர் பார்க்க ஜெயித்தாயே என்று இடித்துக் காட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் தரமும் அதே சாப்பாடுதான். பேச்செல்லாம் பல நாள் கழித்து ஓரேப்பில். மனச்சோர்வுக்கு முதல் உதவி எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நீங்கள் இருக்க விரும்பினால் இருங்கள். காலை வேளை உபவாசம் இருந்து, மதியம் அவள் வீட்டுக்குப் போய் அவளோடு உட்கார்ந்து உபவாசத்தை முடியுங்கள். கஞ்சியும் பயறுமோ, மரச்சீனியும் மீன் கறியுமோ, நீங்களே கொண்டு போங்கள். நீ சாப்பிட்டால்தான் என் உபவாசம் முடியும் என்று சொன்னால் ஒரு கை சோறாவது இறங்கும். பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதைத்தான் தனக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58-ல் கர்த்தர் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டதற்கு நீங்கள் முழுசாக மறுத்ததாகவும் ஆகாது.

கஞ்சியில் மாத்திரை கலக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கத்தாரில் இருந்துகொண்டு கையைப் பிசைகிற ஒரு மனிதனின் யோசனை அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் தெரிந்துவிடும். தெரிந்தால் உங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், மருந்தையும் டாக்டரையும் வாழ்நாள் முழுக்க நம்ப மாட்டாள். அவள் தன் சம்மதத்தைத் தானே சொல்லக்கூடிய ஆள், அவளுக்குத் தெரியாமல் வைத்தியம் செய்ய நமக்கு உரிமையில்லை. மருத்துவக் காரணமும் இருக்கிறது. இத்தனை நாள் நிறுத்திய பிறகு பழைய அளவில் திடீரென்று தொடங்கக் கூடாது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுவில் ஏதாவது காலத்தில் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்தாளா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி இருந்திருந்தால் நோயே வேறு, மருந்தும் வேறு. தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், செய்துகொள்ளுங்கள். இரண்டுமே இதே மாதிரிச் சோர்வைக் கொடுக்கக்கூடியவை.

கணவர் செய்ய வேண்டியது வேறு. அவர் தன் அம்மாவிடம் பேச வேண்டும். நீங்கள் சொன்னால் அவிசுவாசி, மகன் சொன்னால் யோசிப்பார். "அம்மா, ஜெபத்தை நிறுத்தச் சொல்லல, ஆஸ்பத்திரிக்கும் போகட்டும்" என்று சொன்னால் போதும். அந்த அம்மாளுக்கு, வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவின் கதையை ஞாபகப்படுத்தலாம். பதினைந்து வருட ஆயுளைக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. வாக்குத்தத்தம் இருக்கிறதே, பற்று எதற்கு என்று ராஜா கேட்கவில்லை. கத்தோலிக்கரின் வேதத்தில் சீராக் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரையும் மருந்தையும் பற்றி இன்னும் விரிவாகவே இருக்கிறது. நம் வேதத்தில் அந்தப் புத்தகம் இல்லை, பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்தால் குறைந்துபோக மாட்டோம்.

நம் மாவட்டத்துக்காரர்கள் மருந்தையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்துவது எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும். 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் வைத்தியம் தொடங்கினார், லண்டன் மிஷன் அனுப்பித்தான். எவரெஸ்ட்டில் 1924-ல் ஏறக்குறைய 28,000 அடி வரை போன சாமர்வெல், அதே நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் இருந்த நல்ல எதிர்காலத்தை விட்டு இங்கே அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி. நம் தாத்தா பாட்டிமாருக்குக் கோயிலும் ஆஸ்பத்திரியும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பியது அவர்கள் இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். ஜெபம் என்ற வார்த்தையைக் கேட்டாலே உதட்டைச் சுழிக்கிற டாக்டர்கள் உண்டு. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி, எத்தனை மாதம் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் சிநேகிதிக்கு அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கரண்ட் வெட்டு வந்தபோது பிசாசு என்று நம்பியிருப்பாளா? இந்த முறை டாக்டரிடம் நீங்கள் கூடப் போய், எத்தனை மாதம், எப்படிக் குறைப்பது, நோய் திரும்புவதற்குக் குறி என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நடந்த கூட்டம், சாட்சி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேலி செய்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கமே இல்லை.

உங்கள் சேகர ஆயரிடம் போகலாம், ஆனால் அவள் சம்மதம் கேட்டுவிட்டு. நல்ல ஆயராக இருந்தால் வீட்டுக்கு வந்து ஜெபித்து, கையோடு "நாளைக்கு ஆஸ்பத்திரி போயிட்டு வாம்மா" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எழுதும் சீட்டைவிட பலம் அதிகம். கொயரிலோ பெண்கள் சங்கத்திலோ ஜெபக் குறிப்பாக அவள் பேரையும் நோயையும் அறிவிக்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு மேடை அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. யாராவது அவளை ஜெப வீட்டில் கொண்டுபோய்த் தங்கவைக்கலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட்டில் ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். மதம் எதுவானாலும், டாக்டர் இல்லாத இடத்தில் மனநோயாளியை விடுவதில் உள்ள ஆபத்து ஒன்றுதான். 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்திருக்கிறது.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் உங்களிடம் கோபப்படுவாள், சில நாள் கதவைத் திறக்காமல் இருப்பாள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான், வாய் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. நீங்களும் போய் உட்காருங்கள். காய் நறுக்குங்கள், சின்னவளுக்குத் தலை பின்னிவிடுங்கள். தினமும் நீங்களே போக வேண்டும் என்றில்லை, கொயரில் வாய் அடக்கமான இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு நாள் மாற்றிப் போங்கள். கப்பர்நகூமிலும் ஒருத்தர் தனியாகச் சுமக்கவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் பழைய சீட்டையும் மாத்திரைப் பட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள், இல்லையென்றால் அதையே சாக்காக வைத்து வர மாட்டேன் என்பாள். செலவு பற்றி யோசித்தால் ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதும் மருந்தும் இலவசம். மறுபடி மாத்திரை தொடங்கினாலும் முதல் இரண்டு மூன்று வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. "பாத்தியா, இதுவும் கேக்கல" என்று அவள் சொல்லப்போவது அப்போதுதான். அந்த வாரங்களில் போக்குவரத்தைக் குறைத்துவிடாதீர்கள். மாத்திரைக்கு முன்னால் ஜெபித்துவிட்டுத்தான் போடுவேன் என்றால் தாராளமாக ஜெபிக்கட்டும், நீங்களும் ஆமென் சொல்லுங்கள்.